ஓடாத வண்டியின் டயர்

டிரெய்லரின் இடது டயரில் இருந்த வெடிப்புக்குள் லிஃப்ட்காரரின் கட்டைவிரல் நகம் முழுசாகப் போனது. வெளியே எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் விட்டுப் பார்த்தார். இரண்டாம் தடவை இன்னும் கொஞ்சம் ஆழமாகப் போனது.

"என்னண்ணே, டயருக்குப் பல் குத்தி விடறீங்களா?" என்று மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டாள் தையல்காரம்மா. அவளுடைய மெஷின் ஜன்னலோரத்தில்தான் இருந்தது. தெருவில் ஈ பறந்தாலும் அவளைக் கேட்காமல் பறக்காது.

"தூசி இருக்கும்மா."

"தூசியா? வெடிப்பு அது. ஊசியில நூல் கோக்கத்தான் எனக்குக் கண்ணாடி வேணும். இதுக்கு வேண்டாம்."

லிஃப்ட்காரர் நகத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டு எழுந்தார். வேலையில் இருந்த காலம் முழுக்க ஊரிலுள்ள லிஃப்டுகளைப் பழுது பார்த்தவர். ஓய்வு பெற்ற பிறகும் தெரு அவரை அப்படியேதான் கூப்பிட்டது. ஓய்வு பெற்ற கையோடு அவர் வாங்கியதுதான் இந்த டிரெய்லர், காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போகும் இரண்டு சக்கரப் பெட்டி வண்டி. கூடாரம், அடுப்பு, மடக்கு நாற்காலி எல்லாவற்றையும் அதில் போட்டுக்கொண்டு மனைவியுடன் ஊர் ஊராகச் சுற்றுவது என்று திட்டம். அவளும் நம்பினாள். சாலை வரைபடம்கூட வாங்கி வைத்திருந்தாள்.

உண்மையில் அந்த வண்டி போனது இரண்டே இடத்துக்குத்தான். வாஷிங் மெஷின் வாங்கியபோது கடைக்குப் போய் அதை ஏற்றி வந்தது. அந்த மெஷின் உழைத்துக் களைத்துச் செத்தபோது பழைய சாமான் கடையில் கொண்டுபோய் இறக்கியது. இரண்டுக்கும் நடுவே, மழை நிற்கட்டும், வெயில் தணியட்டும், முதுகுவலி சரியாகட்டும் என்று பயணம் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. பிறகு மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். வரைபடம் மட்டும் மடிப்புக் குலையாமல் இருந்தது.

இப்போது டிரெய்லரைத் தேடி வேலை வந்திருந்தது. முந்தின நாள் மகள் போனில் கூப்பிட்டிருந்தாள்.

"அப்பா, அம்மாவோட கண்ணாடி பீரோ எனக்கு வேணும்."

"எடுத்துக்கோம்மா. அது உனக்குத்தானே."

"எடுத்துக்கறதுன்னா எப்படி? நீங்கதான் கொண்டு வரணும். வர்ற ஞாயித்துக்கிழமை. அதான் டிரெய்லர் இருக்கில்ல, அதுல வெச்சுக் கொண்டு வாங்க."

"கொண்டு வரேன்."

"மெதுவா வாங்க. வந்த உடனே திரும்பற அவசரமெல்லாம் வேண்டாம்."

"டிரெய்லர் மாட்டினா மெதுவாத்தான் ஓட்டணும். எனக்குத் தெரியாதா?"

பிறகு அவள் சொன்னாள்: "இந்தத் தடவை வராம இருந்துடாதீங்கப்பா. இதுக்கப்புறம் நான் கூப்பிட்டுக்கிட்டே இருக்க மாட்டேன்."

அதுதான் அவரைக் குத்தியது. மகளும் மாப்பிள்ளையும் வேறு ஊருக்குக் குடிபோய் எவ்வளவோ நாளாகிவிட்டது. காரில் போனால் இரண்டு மணி நேரம். அந்த வீட்டு வாசற்படியை அவர் இன்னும் மிதிக்கவில்லை. முதலில் கார் பேட்டரி சரியில்லை. அப்புறம் இருமல். அப்புறம் வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வருவதாகச் சொல்லியிருந்தான், அவன் வரவில்லை, ஆனால் வந்துவிடுவானோ என்று இவர் காத்திருந்தார். மனைவி இறந்த புதிதில் மகள் ஒரு தடவை நேராகவே கேட்டாள், "எங்களோடயே வந்து இருந்துடுங்களேன்" என்று. "நான் என்ன சாமானா, ஏத்திக்கிட்டுப் போய் இறக்கி வைக்க?" என்று சிரித்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை. அப்புறம் அதைப் பற்றிப் பேசவும் இல்லை. அதை நினைக்கும்போதெல்லாம் தன் வாயில் தானே ஒன்று போடலாம் போலிருக்கும் அவருக்கு.

ஆகவே இந்த ஞாயிற்றுக்கிழமை தவறக் கூடாது. பீரோவைக் கீறல் படாமல் கொண்டுபோய் இறக்கி, "பாத்தியா, சொன்ன நாளுக்கு வந்துட்டேன்" என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். பழைய பாக்கியெல்லாம் அன்றோடு தீர்ந்துவிடும் என்று அவர் நினைத்தார்.

"டயரை மாத்திடுங்கண்ணே" என்றாள் தையல்காரம்மா. "உங்க மாப்பிள்ளைகூடப் போன தடவை வந்தப்ப சொல்லிட்டுப் போனாரே."

"மாப்பிள்ளை ஆபீஸ்ல உக்காந்து வேலை பாக்கறவர். அவருக்கு டயரைப் பத்தி என்ன தெரியும்? இங்க பாரு, தரையில படற பட்டன் எவ்வளவு ஆழமா இருக்குன்னு. தேயவே இல்ல. புது டயர்ல சின்னச் சின்னதா ரப்பர் முடி இருக்கும் பாரு, அதுகூட இன்னும் உதிரல."

"முடி இருந்தா வயசாகலைன்னு அர்த்தமா? எங்க வீட்டுக்காரருக்குத் தலை நிறைய முடி. ஒரு மாடி ஏறச் சொல்லுங்க பாப்போம்."

அவளோடு பேசிக்கொண்டிருந்தால் பொழுது போய்விடும் என்று லிஃப்ட்காரர் உள்ளே போய் டயருக்குப் பூசும் கறுப்புப் பாலீஷ் டப்பாவை எடுத்து வந்தார். வெடிப்பு தெரிவதால்தானே பிரச்சினை. ஒரு பழைய பனியனைக் கிழித்து அதில் தொட்டு இரண்டு டயருக்கும் அழுத்தி அழுத்திப் பூசினார். ஒரு மணி நேரத்தில் டயர்கள் கடையிலிருந்து இறங்கின அன்றைக்கு இருந்ததைவிட அழகாகிவிட்டன. வெடிப்பு இருந்த இடம் அவருக்கே தெரியவில்லை.

"தலைக்கு டை அடிச்சிக்கிட்டுப் பொண்ணு பாக்கப் போற மாதிரி இருக்கு" என்றாள் தையல்காரம்மா. மெஷின் சத்தம் நின்று வெகு நேரமாகியிருந்தது.

அடுத்த வேலை காற்று. இத்தனை காலம் ஒரே இடத்தில் நின்றதில் டயர்களின் அடிப்பக்கம் தரையோடு தரையாகத் தட்டையாகிப் போயிருந்தது. லிஃப்ட்காரர் கால் பம்பை வைத்து அடித்தார். மூச்சு வாங்கியது. டயர் எழுந்து நின்றது, ஆனால் தட்டை போகவில்லை. காரில் மாட்டித் தெருவில் ஒரு சுற்று இழுத்துப் பார்த்தார். தடக், தடக், தடக் என்று ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை டிரெய்லர் குதித்தது. மனைவியின் கண்ணாடி பீரோவை இதில் வைத்துக் கொண்டுபோனால் போய்ச் சேர்வதற்குள் கண்ணாடி ஜல்லியாகிவிடும்.

"காத்து பத்தல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

பெட்ரோல் பங்க்குக்குப் போய் அங்கிருந்த மெஷினில் காற்றை ஏற்றினார். அளவு காட்டும் முள் வரவேண்டிய இடத்துக்கு வந்தது. தட்டை இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. முள்ளை இன்னும் கொஞ்சம் தள்ளிக்கொண்டு போனார். லிஃப்ட் வேலையில் அவர் ஒரு நாளும் அளவுக்கு மேல் எதையும் முறுக்கியதில்லை, முறுக்கினவர்களைத் திட்டியிருக்கிறார். ஆனால் சொந்த வீட்டு வேலைக்கு வந்துவிட்டால் மனுஷனுக்கு ஒரு தைரியம் வந்துவிடுகிறது.

தடக் சத்தம் உண்மையாகவே குறைந்தது. சந்தோஷமாகத் திரும்பி வந்தார். சலவைக் கடை திருப்பத்தில் வலது டயர் வெடித்தது.

சாதாரணமாகவா வெடித்தது. மேலே இருந்த ரப்பர் பட்டை முழுசாக உரிந்து, பாம்பு மாதிரி சுழன்று, மட்கார்டைப் பிடுங்கி எறிந்து, பின்பக்கச் சிவப்பு விளக்கை உடைத்து, சலவைக் கடை வாசலில் போய் விழுந்தது. கடைக்காரர் ஒரு கையில் இஸ்திரிப் பெட்டியோடு வெளியே வந்தார்.

"யாரு மேல குண்டு போட்டாங்க?"

"ஆணி குத்திருச்சு" என்றார் லிஃப்ட்காரர்.

"ஆணியா?" கடைக்காரர் ரப்பர் பட்டையைக் காலால் புரட்டிப் பார்த்தார். அது அவர் காலடியிலேயே அப்பளமாகப் பொடிந்தது. லிஃப்ட்காரரை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். அதுவே பெரிய அவமானமாக இருந்தது.

நல்லவேளை, ஸ்டெப்னி இருந்தது. டிரெய்லரின் முன்பக்கத்தில், வாங்கின நாளிலிருந்து கழற்றாமல் போல்ட் போட்டு மாட்டிய ஸ்டெப்னி. தரையையே தொடாத டயர். இதைவிடப் புதுசு உலகத்தில் இருக்க முடியுமா? லிஃப்ட்காரர் ஜாக்கியைப் போட்டு அதை மாட்டினார். இத்தனை வருஷமும் வெயில் நேராக அதன் முகத்தில்தான் அடித்திருக்கிறது என்பது அப்போது அவர் கவனத்துக்கு வரவில்லை.

அது வீடு வரைக்கும் வந்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும். காரைக் கேட்டுக்குள் விட்டு, டிரெய்லரின் பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக இருக்கும்போது, பெருமூச்சு விடுவதுபோல் ஒரு சத்தம் கேட்டது. ஸ்டெப்னி பக்கவாட்டில் கிழிந்து உட்கார்ந்துவிட்டது. டிரெய்லர் ஒரு பக்கம் சாய்ந்து கேட் தூணில் தோளைச் சாய்த்துக்கொண்டது. கார் உள்ளே. கேட்டை அடைத்துக்கொண்டு டிரெய்லர். இனி உள்ளே இருப்பது வெளியே போகாது, வெளியே இருப்பது உள்ளே வராது.

"கேட் எதுக்கு இனிமே? இதுவே போதும்" என்றாள் தையல்காரம்மா.

லிஃப்ட்காரர் டிரெய்லரை ஜாக்கியில் தூக்கி, அடியில் செங்கல் அடுக்கி, இரண்டு சக்கரங்களையும் கழற்றினார். நல்லதாக இருந்த இடது டயரைக் கடையில் காட்டி, "இது மாதிரி இன்னொண்ணு குடுங்க" என்று கேட்டு வாங்கிவிட்டால் போதும் என்பது கணக்கு. கையோடு ஸ்டெப்னியையும் எடுத்துக்கொண்டார். அதை ஒட்டித் தர முடியுமா என்று கேட்கலாமே. ஒவ்வொரு கைக்கும் ஒரு சக்கரமாகத் தெருவில் உருட்டிக்கொண்டு போனார். வழியில் ஒன்று கை தவறி ஓடிப்போய் ஒரு பெண்மணியின் காய்கறிப் பைக்கு முன்னால் மரியாதையாக விழுந்தது. அவரே மன்னிப்புக் கேட்டார், சக்கரத்தின் சார்பாக.

டயர் கடையில் கல்லாவில் இருந்தவர் முதலாளியின் மனைவி. பாலீஷ் போட்ட டயரைப் பார்த்ததும் ஒரு விரலால் தொட்டு, விரலைப் பார்த்தார்.

"எதுக்கு சார் மை பூசிக் கொண்டு வந்திருக்கீங்க?"

"சும்மா, பார்வைக்கு."

"எப்ப வாங்கினது?"

"புதுசுதான். ஓடவே இல்ல."

அந்த அம்மாள் ஒரு துணியால் பாலீஷைத் துடைத்துவிட்டு, பக்கவாட்டில் அச்சடித்திருந்த நாலு எண்ணைக் காட்டினார். "முதல் ரெண்டு எண் வாரம். பின்னாடி இருக்கற ரெண்டும் வருஷம். டயர் தயாரான தேதி. நீங்களே படிங்க, எனக்குச் சொல்ல மனசு வரல."

லிஃப்ட்காரர் படித்தார். அந்த வருஷத்தில் அவர் இன்னும் வேலையில் இருந்தார். மனைவி உயிரோடு இருந்தாள். மகளுக்குக் கல்யாணமே ஆகவில்லை. அவர் வாங்குவதற்கு முன்பே அந்த டயர் கடையில் கொஞ்ச காலம் சும்மா கிடந்திருக்கிறது. அவரோடு சேர்ந்து மீதிக் காலமும் சும்மா கிடந்திருக்கிறது.

"பட்டன் தேயலையே" என்றார், குரல் இறங்கி.

"பட்டனைப் பாக்கறது ஓடுற வண்டிக்கு சார். நிக்கிற வண்டிக்குத் தேதியைத்தான் பாக்கணும். ரப்பர் காஞ்சு போயிடும். ஆறேழு வருஷம் ஆயிட்டா ஓடினாலும் ஓடாட்டியும் மாத்திடறதுதான்."

அவருக்கு இது தெரியாத விஷயமா? அதுதான் வேதனை. ஒரு காலத்தில் ஒரு விடுதியில் இரண்டாவது லிஃப்ட் ஒன்று இருந்தது. கூட்டம் வந்தால்தான் அதை ஓட்டுவார்கள். அதன் கம்பிக் கயிற்றை மாற்றச் சொல்லி இவர் எழுதிக் கொடுத்தபோது விடுதிக்காரர் எகிறினார், "ஓடவே இல்லையே அது, எதுக்கு மாத்தணும்?" என்று. "ஓடலேன்னுதான் மாத்தச் சொல்றேன். ஓடறதுன்னா தினமும் யார் கண்ணிலயாவது படும்" என்று பதில் சொன்னவர் இவர்தான். எவ்வளவு மிடுக்காகச் சொன்னார். அந்த மிடுக்கெல்லாம் அடுத்தவர் சொத்துக்கு மட்டும்தான் போல.

"சரிம்மா. புதுசா ரெண்டு குடுங்க. இல்ல, ஸ்டெப்னிக்கும் சேர்த்து மூணு."

"இந்தச் சின்ன சைஸ் இப்ப யாரும் கேட்கறதில்ல சார். சொல்லி அனுப்பினா செவ்வாய்க்கிழமை வந்துடும்."

"எனக்கு நாளைக்கு வேணும்."

"நாளைக்குக் கடையே கிடையாது."

சொல்லி வைத்துவிட்டு வந்தார். செவ்வாய்க்கிழமை வருகிறேன் என்று மகளிடம் சொல்லலாமா என்று போனை எடுத்தார். 'இதுக்கப்புறம் நான் கூப்பிட்டுக்கிட்டே இருக்க மாட்டேன்' என்ற குரல் காதில் கேட்டது. டயர் என்று சொன்னால் அது வெள்ளையடிக்கும் ஆளோடும் இருமலோடும் பேட்டரியோடும் சேர்ந்து நின்றுகொள்ளும். போனை வைத்துவிட்டார்.

"ஒரு வேனைப் பிடிங்கண்ணே" என்றாள் தையல்காரம்மா. "சின்ன வேன். பீரோவை ஏத்திட்டு, நீங்களும் முன்னாடி ஏறி உக்காந்து போயிட்டு வாங்க."

நல்ல யோசனைதான். அவர் அதில் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வேன் வந்தது. டிரைவர் நடுவயதுக்காரர், பொறுமைசாலி. தையல்காரம்மாவின் வீட்டுக்காரரும் தலை நிறைய முடியோடு உதவிக்கு வந்தார். மூன்று பேருமாகப் பீரோவைப் போர்வையில் சுற்றி வாசல் வரைக்கும் தூக்கி வந்துவிட்டார்கள். அங்கே டிரெய்லர் வழியை மறித்துக்கொண்டு செங்கல் மேல் உட்கார்ந்திருந்தது. சுற்றிப் போக இடமில்லை.

"இது மேலயே படுக்க வெச்சுத் தள்ளிடலாமா சார்?" என்றார் டிரைவர்.

அப்படியே செய்தார்கள். பீரோவை டிரெய்லரின் முன்பக்கம் ஏற்றி, வழுக்கிக்கொண்டே போய், பின்பக்கம் இறக்கினார்கள். ஆக, டிரெய்லரில் வைத்துக் கொண்டு வாங்க என்று மகள் சொன்னபடி பீரோ டிரெய்லரில் பயணம் செய்தது. தூரம்தான் டிரெய்லரின் நீளம்.

கயிறு கட்டி முடித்ததும் டிரைவர் முன்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். "ஏறுங்க சார்."

"நான் வரல."

"சீட் காலியாத்தானே இருக்கு. போற வழி பேச்சுத் துணைக்கு ஆச்சு."

லிஃப்ட்காரர் அந்தச் சீட்டைப் பார்த்தார். சுத்தமான சீட்டு, சாய்ந்துகொள்ள ஒரு சின்னத் தலையணைகூட இருந்தது. "கேட்டைச் சாத்த முடியாது தம்பி. வீட்டைத் திறந்து போட்டுட்டு எப்படி வர்றது?"

"நான் பாத்துக்கறேன்னு சொல்றேனே" என்றாள் தையல்காரம்மா மதிலுக்கு மேலிருந்து. "நான் பாக்காத கேட்டா?"

"டயர் கடைக்காரங்க கூப்பிட்டாலும் கூப்பிடுவாங்க."

"ஞாயித்துக்கிழமையா?"

உண்மையைச் சொன்னால் அவருக்குப் பயம். டிரெய்லரில் கொண்டு வருகிறேன் என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டு, இன்னொருத்தர் வேனில் ஓரமாக உட்கார்ந்து போய் இறங்குவதா? மாப்பிள்ளை டயரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? இத்தனை நாள் போகாத வீட்டுக்குப் போய் நின்றால், ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று அந்த வீடே கேட்காதா? அவள் கேட்டது பீரோ. பீரோ சொன்ன நாளில் போய்ச் சேர்கிறது. செவ்வாய்க்கிழமை புது டயர் வந்துவிடும். அப்புறம் எந்த ஞாயிற்றுக்கிழமை வேண்டுமானாலும் தலை நிமிர்ந்து போகலாம். அந்தச் சீட்டில் ஏறி உட்கார்ந்திருக்கலாம், பாவி மனுஷன்.

"பாத்துப் போங்க. கண்ணாடி இருக்கு" என்று சொல்லிக் கதவை அவரே சாத்தினார்.

மதியம் டிரைவர் போனில் கூப்பிட்டார்.

"வந்து சேர்ந்துட்டேன் சார். கண்ணாடியில ஒரு கீறல் இல்ல."

"என் பொண்ணு என்ன சொன்னா?"

"வேனுக்குள்ள எட்டிப் பாத்தாங்க. அப்புறம் தெரு முனை வரைக்கும் போய்ப் பாத்துட்டு வந்தாங்க. எங்க வைக்கட்டும்னு கேட்டேன், எங்க வேணா வைங்கன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டாங்க."

டிரெய்லரைத்தான் தேடியிருப்பாள், அதில் கொண்டு வராததில் கோபம் என்று லிஃப்ட்காரர் தெரிந்துகொண்டார். "சரி, ஹால்ல வைங்க."

"ஹால்ல வெச்சா வாசக்கதவு திறக்காது சார். அவங்க ரூமும் அடைச்சுக் கிடக்கு. இன்னொரு ரூம் இருக்கு, நல்ல வெளிச்சம், ஜன்னலுக்கு அந்தப் பக்கம் மரமெல்லாம் தெரியுது. ஆனா அதுல ஒரு கட்டில் கிடக்கு."

"கட்டிலா? யாருக்கு?"

"தெரியல சார். ஒத்தக் கட்டில். புதுசு. மெத்தையில பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கல."

லிஃப்ட்காரருக்குப் பொறி தட்டியது. சம்பந்தியம்மா. மாப்பிள்ளையின் அம்மா. அந்தம்மாள் பையைத் தூக்கிக்கொண்டு அடிக்கடி வந்து தங்குவதாக மகளே சொல்லியிருக்கிறாள். அவளுக்குப் புதுக் கட்டில், புது மெத்தை, ஜன்னல், மரம். தன் மனைவியின் பீரோவுக்கு ஹாலில் வாசக்கதவுக்குப் பின்னால் இடம். செத்தவள் கேட்க மாட்டாள் என்பதால்தானே இது.

"கட்டிலைக் கழட்டிடுங்க" என்றார்.

"வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"நான் அவ அப்பா. நான் சொன்னேன்னு சொல்லுங்க. பீரோ அந்த ரூம்லதான் இருக்கணும்."

டிரைவர் ஒரு நிமிஷம் போனை எடுத்துக்கொண்டு எங்கோ போனார். யாரிடமோ பேசுவது கேட்டது. திரும்பி வந்து, "சரின்னுட்டாங்க சார். ஆனா இதுல போல்ட் எங்க இருக்குன்னே தெரியல" என்றார்.

அவ்வளவுதான், லிஃப்ட்காரருக்குள் இருந்த பழைய வேலைக்காரன் எழுந்துவிட்டான். "தலைமாட்டுல குனிஞ்சு பாருங்க. சட்டத்துக்கு உள்பக்கம் நாலு இருக்கும். முதல்ல எல்லாத்தையும் லேசா மட்டும் தளர்த்துங்க, ஒரேடியா ஒண்ணைக் கழட்டிட்டா சட்டம் முறுக்கிக்கும். ஆமா, அப்படித்தான். துரு இருக்கா?"

"துருவே இல்ல சார். வெண்ணெய் மாதிரி வருது."

"புதுசுன்னா அப்படித்தான். யாரும் படுக்காத கட்டில். போல்ட்டையெல்லாம் ஒரு பையில போட்டுக் காலோட கட்டி வைங்க. அவங்க வந்தா சோபாவுல படுத்துக்கட்டும்."

"யாரு சார்?"

"யாரோ. நீங்க வேலையைப் பாருங்க."

போனை வைத்தபோது லிஃப்ட்காரர் செய்து முடித்த திருப்தியோடு இருந்தார். அன்றைக்குச் சரியாக நடந்த ஒரே வேலை அதுதான். டிரெய்லரின் விளிம்பில் உட்கார்ந்து மகளைப் போனில் கூப்பிட்டார். அவள் எடுக்கவில்லை. அம்மாவின் பீரோவைத் திறந்து துணியெல்லாம் அடுக்கிக்கொண்டிருப்பாள், அம்மா ஞாபகம் வந்து அழுதுகொண்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டார். அதை நினைக்க அவருக்கும் கண் கலங்கியது. கூடவே கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. மறுபடியும் கூப்பிட்டார். அப்போதும் எடுக்கவில்லை.

"போயிருக்கலாம்ண்ணே நீங்க" என்றாள் தையல்காரம்மா. இந்தத் தடவை அவள் குரலில் கிண்டல் இல்லை.

"போகத்தான் போறேன். புது டயர் வந்ததும் முதல் பயணமே அங்கதான்" என்றார். சொல்லும்போது நிஜமாகவே போவதாகத்தான் இருந்தார். மனைவியிடமும் அப்படித்தான் ஒவ்வொரு தடவையும் நிஜமாகவே சொன்னார்.

பொழுது சாயும் நேரத்தில் வேன் திரும்பி வந்து நின்றது. டிரைவர் இறங்கி, போர்வைகளையும் கயிற்றுச் சுருளையும் டிரெய்லர் மேல் வைத்தார்.

"பீரோ நல்லா உக்காந்துதா?"

"அந்த ரூமுக்கே செஞ்ச மாதிரி இருக்கு சார்."

"பொண்ணுக்குச் சந்தோஷமா?"

டிரைவர் கயிற்றின் நுனியைச் சுருளுக்குள் செருகிவிட்டு நிமிர்ந்தார்.

"நீங்கதான் கழட்டச் சொன்னீங்கன்னு சொன்னதும், அவங்களே வந்து கட்டிலை ஒரு பக்கம் பிடிச்சுக்கிட்டாங்க சார். 'எங்கப்பா இங்கயே இருக்கட்டும்னு வாங்கிப் போட்டது, அவரே வேண்டாம்னுட்டார்'னு சொன்னாங்க."